பதினான்காம் பொருளுக்கு யாரும் நட்சத்திரம் இடவில்லை

தெற்கே ஏதோ ஒரு ஊரில், ஒரு மாணவர் சங்கத்தின் அறங்காவலர் வீட்டை விற்று வழக்கறிஞர்களுக்குக் கொடுத்தாராம். ஓய்வுபெற்ற தபால்காரர். சங்கக் கட்டடத்தில் படிக்கட்டுக் கைப்பிடி பெயர்ந்து ஒரு பெண் விழுந்துவிட்டாளாம். அந்தக் கைப்பிடியைப் பழுதுபார்க்கும் வேலையைத் தள்ளிவைத்த கூட்டத்தில் அவரும் உட்கார்ந்திருந்தாராம். எந்த ஊர், எந்தச் சங்கம், விழுந்த பெண் பிழைத்தாளா, எதுவும் தெரியாது. எங்கள் சங்கத்து உணவகத்தில் சமைக்கும் பாலீனுக்கு ரொட்டி வண்டிக்காரர் சொன்னது. ரொட்டி வண்டிக்காரருக்கு யார் சொன்னார்களோ.

பாலீன் அதை பெரில் கார்சைட்டிடம் சொன்னது மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வம்பாகத்தான் சொன்னாள். “நீங்களும் நம்ம சங்கத்துல அந்தக் குழுவுலதானே இருக்கீங்க, பெரில்? வீடு உங்க பேர்லயா, உங்க வீட்டுக்காரர் வில்ஃப் பேர்லயா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

பெரில் தட்டில் எதையும் மிச்சம் வைக்கிறவர் அல்ல. அன்று வெண்ணெய் தடவிய டீகேக் ரொட்டியில் பாதியை அப்படியே விட்டுவிட்டு, ஈரக் குடையோடு நேரே என் அறைக்கு வந்தார். நான் இந்த மாணவர் சங்கத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் எழுத்தர். பதினெட்டு வருடமாக இந்த ஊர்தான், இந்த வேலைதான்.

“போன வியாழக்கிழமைக் குறிப்பைக் காட்டு, கண்ணு,” என்றார். அவருக்கு எல்லோருமே கண்ணுதான்.

அறங்காவலர் என்று தமிழில் எழுதும்போதெல்லாம் எனக்குக் கோயில் வாசலும் பட்டு வேட்டியும் நினைவுக்கு வரும். இங்கே அந்தச் சொல்லுக்கு உரியவர்கள் பன்னிரண்டு பேர். தேர்தலில் வென்று ஒரு வருடம் படிப்பை நிறுத்திவைத்துவிட்டுச் சங்கத்தை நடத்தும் மாணவர்கள் நான்கு பேர். சாதாரண மாணவர்கள் நான்கு பேர். வெளியாட்கள் நான்கு பேர். கட்டடம், மண்டபம், மதுக்கூடம், உணவகம், அறுபது சம்பளக்காரர்கள் எல்லாவற்றுக்கும் சட்டப்படி இவர்கள்தான் பொறுப்பு. பல்கலைக்கழகம் வேறு, சங்கம் வேறு. ஏதாவது நடந்தால் நீதிமன்றத்தில் இந்தப் பன்னிரண்டு பேரின் பெயர்தான் வாசிக்கப்படும். அதில் பாதிப் பேருக்கு இருபத்திரண்டு வயதுகூட ஆகியிருக்காது.

பெரில் வெளியாட்களில் ஒருவர். அறுபத்தெட்டு வயது. இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, ஆல்மா தெருவிலேயே பிறந்தவர். பதினாறு வயதில் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கச் சேர்ந்து, நாற்பத்திரண்டு வருடம் கழித்து அதே சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றார். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து நான்காக மடிப்பார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த வில்ஃபைக் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் இல்லை. வில்ஃபின் நுரையீரல் போன பிறகு, மாடியிலிருந்த கட்டிலைக் கீழே முன்னறைக்கு இறக்கியாயிற்று. அந்த அறையில் படுத்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருடைய நாள். அந்த வீட்டைத் தவிர இருவருக்கும் வேறொன்றும் கிடையாது.

பெரில் குழுவுக்குள் வந்த கதை எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆல்மா தெருவில் பாதி வீடுகள் மாணவர் வாடகைக்குப் போனபோது, சத்தம் தாங்காமல் அவர் சங்கத்துக்குப் புகார்க் கடிதம் எழுத ஆரம்பித்தார். ஒரே வருடத்தில் இருபத்து மூன்று கடிதம். ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், வீட்டு எண், குப்பைத்தொட்டி எங்கே உருண்டு கிடந்தது என்பது வரை. அப்போதைய மாணவர் தலைவன் மன்னிப்புக் கேட்க ஒரு கேக்கோடு அவர் வீட்டுக்குப் போனான். கேக்கைத் தின்றுகொண்டே, எங்கள் குழுவில் இப்படிக் கவனமாகப் பார்க்கிறவர் ஒருவரும் இல்லை, நீங்கள் வந்து உட்காருங்கள் என்று கேட்டிருக்கிறான். என்ன வேலை என்று கேட்டாராம் பெரில். காகிதங்களைப் படிக்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும் என்றானாம்.

“சம்பளம்?”

“கிடையாது. சாண்ட்விச் குடுப்போம்.”

ஆறு வருடமாக அந்தச் சாண்ட்விச்சுக்காகத்தான் வருகிறேன் என்பார். உண்மையில், பன்னிரண்டு பேரில் எல்லாக் காகிதத்தையும் கடைசி வரி வரை படித்துவிட்டு வருகிறவர் அவர் ஒருவர்தான். சமையலறை மேசையில் அளவுகோலை வரிக்கு வரி நகர்த்தி, பென்சிலால் குறித்துப் படிப்பார்.

எங்கள் கூட்டங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு கூட்டத்துக்கு முடிவெடுக்க வேண்டிய பொருள் இருபது வரை வரும். எல்லாவற்றையும் பேசினால் விடிந்துவிடும். அதனால் காகிதங்கள் பத்து நாள் முன்பே போய்விடும். எதைப் பேச வேண்டும் என்று அறங்காவலர்கள் நினைக்கிறார்களோ, அந்தப் பொருளுக்கு நட்சத்திரம் இடச் சொல்லி எனக்கு எழுத வேண்டும். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன், நண்பகல் பன்னிரண்டு மணியோடு கணக்கு முடிந்தது. நட்சத்திரம் இடப்படாத பொருள்களை யாரும் பேச மாட்டார்கள். கூட்டம் தொடங்கியதும் தலைவர் ஒரே வாக்கியத்தில் அவை அனைத்தும் ஏற்கப்பட்டன என்பார். யாரும் வாயே திறக்காமல் ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடும்.

நவம்பர் கூட்டத்தில் பெரில் ஆறு பொருளுக்கு நட்சத்திரம் கேட்டிருந்தார். கூட்டம் ஒரு மணி நேரம் நீண்டது. ரோரி என்ற மாணவ உறுப்பினன் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் களைத்து, “பெரில் இருக்கிறவரைக்கும் நமக்கு நட்சத்திரத்துக்குப் பஞ்சமில்ல,” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அறங்காவலர் குழுவின் தலைவர் ஹெஸ்கெத்தும் சிரித்துவிட்டார். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முப்பது வருடம் பள்ளிக்கூடம் நடத்தியவர். மாணவர்கள் சிரித்ததை பெரில் துடைத்துப் போட்டுவிட்டார். தலைமையாசிரியர் சிரித்தது ஒட்டிக்கொண்டது. பதினைந்து வயதோடு பள்ளியை விட்ட பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

மார்ச் கூட்டத்தின் பதினான்காம் பொருள், பெரிய மண்டபத்தின் பால்கனி. அந்த மண்டபத்துக்கு எண்பது வயதுக்கு மேல். கட்டடப் பொறியாளர் ஒருவர் பரிசோதித்துக் கொடுத்த அறிக்கையின் இரண்டு பக்கச் சுருக்கம் மட்டும் காகிதங்களோடு போயிருந்தது. பால்கனியைக் கோடை விடுமுறையில் வலுப்படுத்த வேண்டும். அதுவரை இப்போதுள்ள ஏற்பாடே தொடரலாம். மேலே இருப்பவர்கள் குதிக்காமல் தொண்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

பெரில் அதைப் படித்தார். ஓரத்தில் கோடு போட்டார். எனக்கு எழுதவில்லை. கட்டட விஷயம், இதற்குத் தலைமையாசிரியரே நட்சத்திரம் இடுவார் என்று நினைத்திருக்கிறார். தினமும் அந்த மண்டபத்தில் இருக்கிற மாணவர்கள் இடுவார்கள் என்று தலைமையாசிரியர் நினைத்திருக்கிறார். மாணவர்கள், எப்படியும் பெரில் இடுவார் என்று நினைத்திருக்கிறார்கள்.

கூட்டத்தில் ஹெஸ்கெத் வழக்கமான வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நான்கு விநாடி காத்திருந்தார். பெரிலின் பென்சில் கொஞ்சம் மேலே எழும்பியது. “ஏதாவது இருக்கா, மிஸஸ் கார்சைட்?” என்று கேட்டார் தலைவர். ரோரி எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒண்ணுமில்ல, நீங்க போங்க,” என்றார் பெரில்.

கூட்டக் குறிப்பில் இந்த மாதிரிப் பேச்சை எழுதும் வழக்கமில்லை. 'பொருள்கள் ஒன்பது முதல் இருபது வரை விவாதமின்றி ஏற்கப்பட்டன' என்று மட்டும் எழுதினேன். செவ்வாய்க்கிழமை என் அறையில் நின்றபடி பெரில் படித்தது அந்த வரியைத்தான். பிறகு விரலை மேலே நகர்த்தி, வந்திருந்தோர் பட்டியலில் தன் பெயரைக் கண்டுபிடித்து அங்கேயே வைத்திருந்தார்.

மாற்ற முடியுமா என்று கேட்டார். நடந்ததை மாற்ற முடியாது, முடிவை வேண்டுமானால் அடுத்த கூட்டத்தில் மாற்றலாம், அது மே மாதம் என்றேன். ராஜினாமா செய்துவிட்டால் என்று கேட்டார். எங்கள் கைப்புத்தகத்தில் அச்சடித்திருப்பதை நான் அப்படியே ஒப்பித்தேன்: விலகினாலும், இருந்த காலத்து முடிவுகளுக்கு அவரே பொறுப்பு. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் குடையை விரிக்க மறந்து மழையில் நடந்து போனதை ஜன்னலில் இருந்து பார்த்தேன்.

மறுநாள் மதியம் முழு அறிக்கையைக் கேட்டுத் தொலைபேசினார். நாற்பத்தாறு பக்கம். அறங்காவலர் கேட்டால் கொடுக்க வேண்டியது என் வேலை. நானே எடுத்துக்கொண்டு ஆல்மா தெருவுக்குப் போனேன். அவர் சமையலறையில் அளவுகோலோடு உட்கார்ந்துவிட்டார். நான் முன்னறையில் வில்ஃப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வில்ஃப் பேசினால் இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்கும். ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறாள், தேநீர்ப் பாத்திரத்துக்கு அடியில் இருக்கிறது, ஆனால் அனுப்ப மாட்டேன் என்கிறாள் என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். தபால்காரர் கதையை அவரும் கேட்டிருந்தார். அவர் கதையில் தபால்காரரின் மனைவிக்குப் பக்கவாதமும் வந்திருந்தது.

“தெரு முழுக்க அந்தப் பசங்க. இதுல அவங்களுக்காக வீட்டையும் குடுக்கணுமா?” என்றார்.

அப்போது சமையலறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பெரில் அறிக்கையை விரித்துப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். முப்பத்தொன்றாம் பக்கம். மெல்ல, எழுத்துக் கூட்டுவது போல வாசித்தார். உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பால்கனி தாங்கும். நிற்கும் கூட்டத்தையும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் நாற்பது பேருக்கு மேல் ஒரே தாளத்தில் குதித்தால், முன்பக்க உத்தரம் தாங்கும் என்று உறுதி கூற இயலாது. சுருக்கத்தில் இந்த வரி இல்லை.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் முதல் மாடியில் இருந்த காலத்தைப் பற்றிச் சொன்னார். நான்கு பெரிய பிழியும் இயந்திரங்கள். ஒன்று சுழலும்போது மற்றவற்றை ஓட்டக் கூடாது என்று சட்டம். ஒருநாள் யாரோ அவசரத்தில் நான்கையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பெரிலுக்கு அப்போது பத்தொன்பது வயது. தரை வாத்து மிதக்கிற தண்ணீர் மாதிரி எழும்பி இறங்கியதாம். கீழ்த்தளத்தில் தலைமை நர்ஸின் மேசையில் இருந்த கோப்பை தானாகவே நடந்து வந்து விழுந்ததாம். இருபது விநாடிதான். கூரையில் விழுந்த விரிசல் அடுத்த வருடம் வரை அப்படியே இருந்தது.

“கனம் ஒண்ணும் பண்ணாது, கண்ணு. சேர்ந்து ஆடுறதுதான் பண்ணும்,” என்றார்.

வெள்ளிக்கிழமை என்ன நாள் என்று மூவருக்குமே தெரியும். சங்கத் தேர்தல் முடிவு. மாலை நான்கு மணிக்குப் பெரிய மண்டபத்தில் அறிவிப்பார்கள். ஒவ்வொரு வேட்பாளரின் ஆட்களும் முகத்தில் நிறம் பூசிக்கொண்டு பால்கனியைப் பிடிப்பார்கள். கம்பியைத் தட்டி, தங்கள் ஆளின் பெயரைக் கத்தி, எல்லோரும் ஒன்றாகக் குதிப்பார்கள். மண்டபமே ஆட வேண்டும். ஆடினால்தான் நல்ல தேர்தல். போன வருடம் நடுவில் தொங்கும் விளக்கு ஆடியது. கீழே நின்ற நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். பெரிலும் தட்டினார்.

வில்ஃப் மறுபடியும் கடிதத்தை அனுப்பச் சொன்னார்.

“அனுப்பிட்டா, நாளைக்கு நான் யாரு? சத்தம்னு புகார் சொல்ற கிழவி. அறங்காவலரா இருந்தாத்தான் பால்கனிக் கதவை மூடச் சொல்ல முடியும்.”

“மூட மாட்டேன்னுட்டா?”

பெரில் அறிக்கையை நான்காக மடிக்கப் பார்த்தார். நாற்பத்தாறு பக்கம் மடியவில்லை. வில்ஃப் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை ஒன்பதுக்கே சங்கத்தின் பொது மேலாளர் க்ளைவ் ஓல்ராய்டின் அறையில் இருந்தோம். க்ளைவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சுருக்கத்தை எழுதியவர் அவர்தான். முப்பத்தொன்றாம் பக்கத்தைக் காட்டியதும் காது வரை சிவந்துவிட்டார். குதிக்க விடமாட்டோம் என்று எழுதியிருக்கிறோமே, அதிலேயே எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்தாராம். நாளைக்கு முந்நூறு பிள்ளைகளை எத்தனை தொண்டர்கள் பிடித்து நிறுத்துவார்கள் என்று பெரில் கேட்டார். இரண்டு பேர்.

“அப்ப மூடிடு, க்ளைவ்.”

“நான் எப்படி மூடறது? நான் சம்பளத்துக்கு இருக்கிறவன். தொடரலாம்னு குழு முடிவு பண்ணியிருக்கு. நீங்களும் இருந்தீங்க. தேர்தல் நாளன்னைக்கு நானா மூடினா, எந்த வேட்பாளரோட ஆளுங்களை வெளிய நிறுத்தினேன்னு என்னைத்தான் கேப்பாங்க.” மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பூட்டை எடுத்து வைத்தார். “தலைவர் ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த நிமிஷம் பூட்டுறேன்.”

அவர் சொன்னது விதி. இரண்டு கூட்டங்களுக்கு நடுவே குழுவின் முடிவை நிறுத்திவைக்கும் அதிகாரம் தலைவர் ஒருவருக்கே உண்டு. தலைவர் ஹெஸ்கெத்தோ திங்கட்கிழமையே ஸ்காட்லாந்துக்கு மீன் பிடிக்கப் போய்விட்டார். வருடா வருடம் போகிற ஆறு. இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவர் தொலைபேசியைக் காரில் வைத்துவிட்டுத்தான் இறங்குவார்.

பெரில் முதல்முறை அழைத்தபோது அவருடைய தொலைபேசியின் குரல் பதிவில் தன் முழுப் பெயர், தெரு, பொருள் எண் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். மூன்றாவது முறை பெயரை மட்டும் சொன்னார். மதியத்துக்குள் பதிவு நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு மணி அடித்து அடித்துத் தானாக அறுந்தது. மற்ற பத்து அறங்காவலர்களுக்கும் நான் மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று பதில் வந்தன. மூன்றிலும் தலைவர் சொன்னால் சரி என்றிருந்தது. மாணவர் தலைவி டாம்சின் எங்களை வராந்தாவில் பார்த்ததும் அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். தேர்தல் வாரத்தில் பதவியில் இருக்கிற மாணவர்கள் எதிலும் கை வைக்கக் கூடாது. வைத்தால் தேர்தலே செல்லாது என்று யாராவது கிளம்புவார்கள். “நான் பேசினாலே தப்பு, பெரில். நான் உங்ககிட்ட நிக்கிறதே தப்பு,” என்றாள். நகராட்சிக் கட்டடப் பிரிவுக்கும் பெரில் பேசினார். புகாரைப் பதிந்துகொண்டார்கள். பத்து வேலை நாளுக்குள் ஒருவர் வந்து பார்ப்பாராம்.

அன்று மதியம் பெரில் தனியாகப் பால்கனிக்கு ஏறிப் போனார். நான் தேடிக்கொண்டு போனபோது முன்வரிசைக் கம்பியருகே நின்று, கால் நுனியால் தரையை மெல்லத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காலி மண்டபம். கீழே நாற்காலி அடுக்குகிறவர்கள் சின்னதாகத் தெரிந்தார்கள். கீழே விழுந்தால் எவ்வளவு உயரம் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை. கீழேதான் அதிகம் பேர் நிற்பார்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு ஹெஸ்கெத்திடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. நிறைய அழைப்புகளைப் பார்த்தேன், ஆற்றங்கரையில் பேச்சு கேட்காது, நாலரை மணிக்கு மேல் எல்லாம் விவரமாகப் பேசலாம் என்று. நான்கு மணிக்கு முடிவு என்று உடனே பதில் எழுதினேன். அது அவரைப் போய்ச் சேர்ந்ததற்கான அடையாளமே வரவில்லை.

மூன்றரைக்கு மண்டபம் நிறையத் தொடங்கியது. பச்சை முகங்கள், ஆரஞ்சு முகங்கள், போர்வையில் எழுதிய பெயர்கள், டிரம். பெரில் தன் நல்ல நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இரண்டாவது பேருந்து வரவில்லை. கடைசி அரை மைல் நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. பால்கனிக்குப் போகும் படிக்கட்டின் அடியில் மஞ்சள் மேலங்கி போட்ட இரண்டு தொண்டர்கள் நின்றார்கள். இருவரும் முதலாம் ஆண்டு மாணவிகள். எத்தனை பேர் மேலே போனார்கள் என்று பெரில் கேட்டார். எண்ணச் சொல்லி யாரும் சொல்லவில்லையே என்றார்கள்.

நான் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினேன். அறுபதுக்குக் குறையாது. ஆரஞ்சு ஆட்கள் முன்வரிசையைப் பிடித்துவிட்டார்கள். இன்னும் யாரும் குதிக்கவில்லை. ஆனால் கம்பியைத் தட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

பெரில் அந்த மாணவிகளிடம் தான் அறங்காவலர் என்றும், இனி யாரையும் மேலே விட வேண்டாம் என்றும் சொன்னார். அவர்கள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர்கள் கழுத்தில் தொங்கிய அட்டையில் க்ளைவின் பெயர்தான் இருந்தது. க்ளைவிடம் கேட்டு வருகிறேன் என்று ஒருத்தி ஓடினாள். அதற்குள் பச்சைக் கூட்டம் வந்துவிட்டது. நாற்பது, ஐம்பது பேர்.

பெரில் என் பக்கம் திரும்பினார். மணி என்ன என்று கேட்டார். மூன்று ஐம்பத்திரண்டு என்றேன்.

“எழுது. பதினான்காம் பொருள். பெரில் கார்சைட் ஒத்துக்கலை. மணியையும் போடு.”

கூட்டம் நடக்காதபோது குறிப்பு எழுத எனக்கு அதிகாரம் இல்லை. எழுதினேன். அவர் இரண்டு படி ஏறித் திரும்பி, கோட்டை ஒதுக்கிக்கொண்டு மூன்றாவது படியில் உட்கார்ந்தார். குறுகலான படிக்கட்டு. ஒருவர் உட்கார்ந்தால் அவரை மிதிக்காமல் யாரும் ஏற முடியாது.

முன்னால் வந்த பச்சை முகத்துப் பெண் மரியாதையாகவே கேட்டாள். “கொஞ்சம் வழி விடுறீங்களாம்மா? எங்க ஆளுங்க பாதிப் பேர் மேல இருக்காங்க.”

“அவங்களையும் கீழ கூப்பிடு, கண்ணு.”

“எதுக்கு?”

“மேல பயமா இருக்கு.”

பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். யாருக்கு என்று ஒருவன் கேட்டான். எனக்குத்தான் என்றார் பெரில். அவர் முகத்தைப் பார்த்த அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

க்ளைவ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் அந்தப் பூட்டு இருந்தது. பெரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். எழுந்திருங்கள் என்றும் சொல்லவில்லை, உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. “தலைவர் ஃபோனை எடுத்தாரா?” என்று மட்டும் கேட்டார். பெரில் இல்லை என்று தலையசைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். ஹெஸ்கெத்தின் எண்ணை மறுபடியும் அழுத்தினார். எங்கள் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

மேடையில் யாரோ ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்கள். முடிவை வாசிக்கும் அதிகாரி வந்துவிட்டார் என்று மண்டபத்துக்குள் ஆரவாரம் எழுந்தது. மேலே டிரம் தொடங்கியது. முதலில் கைகள், பிறகு கால்கள். அறுபது பேர் முதலில் தாறுமாறாக மிதித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஒருவர் தாளத்தை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பெரில் உட்கார்ந்திருந்த படியில் அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். நானும் தொட்டுப் பார்த்தேன். சுவர் உள்ளுக்குள் ஏதோ ஓடுவது போல நடுங்கியது.

பச்சை முகத்துப் பெண் இரண்டு படி இறங்கி, தன் பின்னால் இருந்தவர்களை இரண்டு கையாலும் பின்னுக்குத் தள்ளினாள். க்ளைவ் பூட்டின் சாவியைத் திருகித் திறந்து வைத்துக்கொண்டு பெரிலின் முழங்காலையே பார்த்தார்.

தொலைபேசி மணி அடித்துக்கொண்டிருந்தது. எட்டு. ஒன்பது. பத்து.